பொறுப்பாளர்: ஒச்சாயி

இது நடந்தது. கைபேசியில் ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிற கதை இல்லை. ‘எல்லாம் மனப்பிராந்தி’ என்று சொல்லத் தயாராக இருக்கும் மேதாவிகள் இங்கேயே எழுந்து போகலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கப்போவதில்லை. பேய் என்றால் அமாவாசை, புளியமரம், நடுச்சாமம் என்று நினைப்பவர்களுக்கும் ஏமாற்றம்தான். திண்டுக்கல் பழனி ரோட்டில், சுள்ளென்று வெயில் அடித்த ஒரு மத்தியானம், ஒரு பார்சல் ஆபீசுக்குள் நடந்தது. கௌசல்யாவுக்கு நடந்தது. அவள் இன்றைக்கும் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள்.

அந்த ஆபீசின் முதலாளி பெயர் பெருமாள்சாமி. அவருடைய கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு சான்று போதும். கவுண்டரில் கிடக்கும் ஐந்து ரூபாய்ப் பேனாவைச் சணலில் கட்டி, சணலை ஆணியில் கட்டி வைத்திருப்பார். எவனும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதாம். அறுபதாயிரம் ரூபாய் லேப்டாப் எங்கே என்று கேட்டால் மட்டும் மின்விசிறியைப் பார்ப்பார். ஒரு லேப்டாப் மச்சினர் மகனோடு காலேஜுக்குப் போனது, போனதுதான். பழனி கிளைக்கு வாங்கிய டேப்லெட் முதலாளியின் பேரனுக்குச் சோறு ஊட்டப் பயன்பட்டது. அதன் திரையில் காய்ந்த பருப்பு ஒட்டியிருந்தது. கம்ப்யூட்டர் வாங்கிய பில்லெல்லாம் முறுக்கு டப்பாவுக்குள். வாரண்டி அட்டைகள் சாமி படத்துக்குப் பின்னால். பாஸ்வேர்டு மட்டும் போகிறவர் வருகிறவர் படிக்க வசதியாகக் காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

இந்த லட்சணத்தில் நான்கு கிளைகள். தலைமை அலுவலகமான திண்டுக்கல், வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், பழனி.

கௌசல்யா அங்கே ஆறு வருஷமாக வேலை பார்த்தாள். வேலைக்குப் பெயர் கணக்கு எழுதுவது. ஆனால் பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் அவள்தான், டிரைவர் போதையில் வந்தாலும் அவள்தான். அந்த ஆபீசில் மூளை என்ற ஒன்று இருந்தது என்றால் அது அவளுடைய தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும். மற்றவர்களைப் பார்க்கும்போது அவள் முகத்தில் அது தெரியவும் செய்யும்.

ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, அது எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கலாம் என்று சொன்னதும் அவள்தான். ஸ்டிக்கர் ரோல் வாங்க மூன்று மாதம் கெஞ்ச வேண்டியிருந்தது. பார்சல்களைப் படிக்கிற கைஸ்கேனரே இந்த ஸ்டிக்கரையும் படிக்கும். விஷயம் ரொம்பச் சுலபம். யாருடைய ஸ்கேனர் ஸ்டிக்கரைப் படிக்கிறதோ, அந்தப் பொருள் அவருடைய பொறுப்புக்குப் போய்விடும். திரையில் பொருளின் பெயரும் அதற்கு நேராகப் பொறுப்பாளர் பெயரும் வரும். குழந்தைக்குக்கூடப் புரியும். பெருமாள்சாமிக்குப் புரியவில்லை.

“எதுக்கு ஆளாளுக்குப் பிரிச்சுக்கிட்டு? எல்லாத்தையும் ஒன் பேர்லயே போட்டுரு. காணாமப் போனா நான் ஒருத்தியக் கேட்டாப் போதும்” என்றார். சொந்தக்காரர்கள் கொண்டுபோன லேப்டாப்பையும் டேப்லெட்டையும் மட்டும் பட்டியலில் ஏற்ற விடவில்லை.

ரோலில் ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. அதையும் விட மனசு வரவில்லை அவருக்கு.

“வேலை பாக்குற ஆளுக கழுத்துல தொங்குற அட்டையிலயும் ஒண்ணு ஒண்ணு ஒட்டிரு. மிஷினும் நம்மளுதுதான, ஆளும் நம்மளுதுதான?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள். அப்படித்தான் அந்தப் பட்டியலில் பிரிண்டருக்கும் தராசுக்கும் நடுவே மனிதர்களும் ஏறினார்கள். பொருள்: பானுப்ரியா. பொறுப்பாளர்: பெருமாள்சாமி. பொருள்: கௌசல்யா. பொறுப்பாளர்: பெருமாள்சாமி.

போன வருஷம் அவளுக்குக் கோயம்புத்தூரில் வேறு வேலை கிடைத்தது. நல்ல கம்பெனி. திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரே நிபந்தனை, பழைய இடத்திலிருந்து விடுவித்துவிட்டதாக ஒரு கடிதம் வேண்டும். அது இல்லாமல் வாசலுக்குள் விடமாட்டார்கள்.

பெருமாள்சாமிக்கு அது தெரிந்துபோனது. சும்மா இருப்பாரா?

“தாராளமாப் போ. ஆனா ஒன் பேர்ல முப்பத்தோரு பொருள் இருக்கு. முப்பத்தொண்ணையும் கண்ணுல காட்டு. ஒண்ணு கொறைஞ்சாலும் லெட்டர் கெடையாது.”

ஒன்று குறைந்தது. ஒன்பதாம் நம்பர் ஸ்கேனர்.

அந்த ஸ்கேனரை அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. ஸ்டிக்கர் ஒட்டின நாளிலேயே ஒன்பது ஸ்கேனர்தான் அகப்பட்டன. ஆனால் முறுக்கு டப்பாவில் இருந்த பில் பத்து என்றது. “பில்லுல பத்து இருந்தா பத்துதான்” என்று முதலாளி அதையும் அவள் பெயரில் ஏற்றச் சொல்லிவிட்டார். இல்லாத பொருளுக்குப் பொறுப்பு. இந்த மாதிரிப் புத்திசாலித்தனமெல்லாம் முதலாளிமாருக்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ.

கடைசியாக அது வத்தலக்குண்டு கிளையில் இருந்ததாகச் சொன்னார்கள். அந்தக் கிளையைப் பார்த்துக்கொள்ளும் மைதீன் பிச்சையை அவள் நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் ஒரே பதில்தான்.

“அந்தச் சனியன் எங்க போச்சுன்னே தெரியல தாயி. என்னைய விட்டுரு.”

ஆயுத பூஜை வந்தது. வெள்ளிக்கிழமை.

நாலு கிளையிலும் பூஜை போட்டால் நாலு தேங்காய், நாலு பூசணிக்காய், நாலு ஐயர் என்று முதலாளி கணக்குப் போட்டார். அதனால் ஒவ்வொரு வருஷமும் எல்லாக் கிளை மிஷின்களும் வேனில் ஏறித் திண்டுக்கல்லுக்கு வந்து, ஒரே தேங்காய்க்குக் கும்பிடு வாங்கிக்கொண்டு திரும்பிப் போகும். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் அந்தக் கம்பெனியின் சொத்து மொத்தமும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும். கௌசல்யா அதைத்தான் நம்பியிருந்தாள். எந்த மூட்டைக்குள்ளாவது கிடந்து அந்த ஒன்பதாம் நம்பரும் வந்துவிடாதா என்று நினைத்தாள்.

வரவில்லை. முன்கூடத்து மேஜையில் வாழை இலை விரித்து ஒன்பது ஸ்கேனர்களை வரிசையாக வைத்தாள். எல்லாவற்றையும் அணைத்து வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவள் கையாலேயே சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தாள். கம்ப்யூட்டர், பிரிண்டர், தராசு, கேமரா பெட்டி எல்லாவற்றுக்கும் வைத்தாள். மைதீன் பிச்சை வழக்கம்போல் ஓரமாக நின்று சுண்டலை வாங்கிக்கொண்டார். படம் எடுக்க வேண்டும் என்று முதலாளி எல்லோரையும் கழுத்தில் அட்டை மாட்டச் சொன்னார். டிரைவர்கள் பொரியைத் தின்றதைவிடத் தரையில் இறைத்ததுதான் அதிகம். பெருக்க வேண்டிய ஆள் லீவு. யாரும் குனியவில்லை. பொரியை மிதித்துக்கொண்டே ஆளாளுக்குக் கிளம்பிப் போனார்கள்.

முதலாளி கடைசியாகக் காரில் ஏறினார்.

“நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு வாரேன். கணக்கு நேரா இருந்தா கையெழுத்து. இல்லாட்டி தீவாளி கழிச்சுப் பாத்துக்கலாம்.”

“சரிங்க மொதலாளி.”

“பூஜை போட்ட மிஷின இன்னிக்குத் தொடக் கூடாது. தெரியும்ல?”

தலையை ஆட்டினாள். கார் திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளறைக்குப் போனாள். தன்னுடைய கம்ப்யூட்டரைப் போட்டாள். சந்தனப் பொட்டு வைத்த திரை வெளிச்சமானது.

அவள் முடிவு செய்துவிட்டாள். தன்னிடம் வேலை பார்க்கிற பத்துப் பேரின் பெயரே ஒழுங்காகத் தெரியாத மனுஷன் அவர். கவுண்டரில் உட்காரும் பானுப்ரியாவை ஆறு மாதம் ‘பாக்கியலட்சுமி’ என்று கூப்பிட்டார், அந்தப் பிள்ளையும் திரும்பிப் பார்த்தது. அப்படிப்பட்டவருக்கு, இல்லாத ஆள் ஒருத்தியைப் பட்டியலில் சேர்த்தால் தெரியவா போகிறது? இல்லாத பொருளை இல்லாத ஆளின் பெயருக்கு மாற்றிவிட்டால் பொருத்தமாகத்தான் இருக்கும். மிச்சம் முப்பதையும் காலையில் பானுப்ரியா பெயருக்கு மாற்றிவிட்டுக் கடிதத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம்.

புதிய ஊழியர் பெயர்?

கொஞ்சம் யோசித்தாள். ஆபீசில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் பிள்ளைக்கு யாரும் வைக்காத பெயராக இருந்தால் நல்லது. கை தானாகத் தட்டியது.

ஒச்சாயி.

கிளை? வத்தலக்குண்டு. புகைப்படம்? விட்டுவிட்டாள். பொருள்: ஸ்கேனர் ஒன்பது. பொறுப்பாளர்: ஒச்சாயி.

அவளுடைய கணக்கில் முப்பத்தொன்று முப்பது ஆனது. இவர்களை ஏமாற்றுவதற்கு இவ்வளவுதான் வேண்டும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

அப்போது திரையின் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

ஸ்கேனர் ஒன்பது இணைப்பில் உள்ளது. இடம்: வத்தலக்குண்டு.

முதலில் அவளுக்குச் சந்தோஷம்தான் வந்தது. உடனே மைதீன் பிச்சைக்குப் போன் போட்டாள்.

“பாய், ஸ்கேனரு நம்ம கிளையிலதான் இருக்கு. யாரோ ஆன் பண்ணியிருக்காங்க.”

“யாரு ஆன் பண்ணுறது? கிளையப் பூட்டிச் சாவிய நான் மடியில வச்சிருக்கேன். வீட்டுல சாப்ட்டுக்கிட்டு இருக்கேம்மா.”

“இல்ல பாய், இங்க காட்டுதே...”

“தாயி, வெறும் சுவருதான் இருக்கு அங்க. மிஷின் பூராம் ஒங்ககிட்டத்தான இருக்கு.”

போனை வைத்தாள். திரையைப் பார்த்தாள்.

இடம்: செம்பட்டி.

வத்தலக்குண்டிலிருந்து செம்பட்டிக்குப் பஸ்ஸில் வந்தாலே அரை மணி நேரம் ஆகும். அவள் போனில் பேசியது ஒரு நிமிஷம் இருக்குமா?

சாப்ட்வேர் எழுதியவனைத் திட்டினாள். மலிவாகக் கிடைக்கிறது என்று முதலாளி வாங்கிப் போட்ட சாப்ட்வேர்தானே, இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். சொல்லும்போதே இடம் மாறியது.

இடம்: பேகம்பூர்.

திண்டுக்கல்லுக்குள் வந்துவிட்டது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வெளியே ரோட்டில் ஒரு லாரி போனது. எல்லாம் சாதாரணமாகத்தான் இருந்தது.

இடம்: தலைமை அலுவலகம்.

அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பாதி இறக்கிய ஷட்டர் ஆடினால் தகரம் கடகடவென்று சத்தம் போடும். அது சத்தம் போடவில்லை. யாரும் உள்ளே வரவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

முன்கூடத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

பீப்.

ஸ்கேனர் சத்தம். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை கேட்கிற சத்தம்தான். ஆனால் ஒன்பது ஸ்கேனரையும் அணைத்து இலையில் வைத்தது அவள்தான்.

திரையில் ஒரு வரி விழுந்தது.

கவுண்டர் கம்ப்யூட்டர். பொறுப்பாளர்: ஒச்சாயி.

அவளுடைய கணக்கில் முப்பது இருபத்தொன்பது ஆனது.

“யாரது? பானு... நீயாடி?”

பதிலுக்கு வேறொரு சத்தம் வந்தது. சரக்... சரக்... யாரோ எதையோ தரையோடு இழுக்கிற மாதிரி. நிதானமாக. அவசரமே இல்லாமல்.

பீப்.

பிரிண்டர் ஒன்று. பொறுப்பாளர்: ஒச்சாயி.

சரக்... சரக்...

பீப்.

தராசு. பொறுப்பாளர்: ஒச்சாயி.

யாரோ கணக்கெடுக்கிறார்கள். அவளுக்கு அது புரிந்துவிட்டது. ஆறு வருஷத்தில் அந்த ஆபீசில் அவளைத் தவிர ஒருத்தரும் செய்யாத வேலையை யாரோ வரிசையாகச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒன்றைக்கூட விடாமல். கவுண்டரில் ஆரம்பித்து... உள்பக்கமாக.

ஸ்கேனர்கள். பீப். பீப். பீப்... ஒன்பது தடவை.

அணைத்து வைத்த ஸ்கேனர்களைத்தான் அது படித்துக்கொண்டிருந்தது.

அவளுடைய கணக்கு இறங்கிக்கொண்டே வந்தது. பதினெட்டு. பன்னிரண்டு. எட்டு.

எழுந்து ஓட வேண்டும் என்று நினைத்தாள். போகிற வழி முன்கூடம் ஒன்றுதான். அங்கேதான் அது இருந்தது.

கேமரா பெட்டி. அது உள்ளறை வாசலுக்கு வெளியே மாட்டியிருந்தது.

பீப்.

கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் யாரும் இல்லை. வெயில்தான் இருந்தது. ஃபினாயில் வாசனை வந்தது.

யூ.பி.எஸ். அது அறைக்குள், அவள் காலடியில் இருந்தது.

பீப்.

காலை மேலே தூக்கிக்கொண்டாள்.

உள்ளறைப் பிரிண்டர்.

பீப்.

அவளுடைய கணக்கில் இப்போது ஒன்றுதான் மிச்சம். அவள் எதிரில் இருந்த கம்ப்யூட்டர்.

தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புக் கோடு வந்தது. மெல்லிய கோடு. கீபோர்டின் மேல் ஊர்ந்து... சந்தனப் பொட்டின் மேல் ஊர்ந்து... ஸ்டிக்கரில் நின்றது.

பீப்.

காதுக்குப் பக்கத்தில்.

கௌசல்யா பொறுப்பில் உள்ள பொருள்கள்: இல்லை.

முடிந்தது என்று நினைத்தாள். இனி எண்ண ஒன்றும் இல்லை.

சிவப்புக் கோடு அணையவில்லை.

மேஜையிலிருந்து இறங்கியது. அவள் மடிக்கு வந்தது. புடவை மடிப்பில் ஏறியது.

மேலே...

இன்னும் மேலே...

கழுத்தில் தொங்கிய அட்டையில் நின்றது.

பீப்.

திரையில் கடைசி வரி விழுந்தது. பொருள்: கௌசல்யா. பொறுப்பாளர்: ஒச்சாயி.

எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அட்டையைக் கயிற்றோடு பிய்த்து எறிந்துவிட்டு ஓடினாள். முன்கூடத்தில் கால் வழுக்கவில்லை. பொரியை மிதிக்கிற நறுக்கென்ற சத்தமும் கேட்கவில்லை. ஓடுகிற ஓட்டத்தில்தான் பார்த்தாள். தரை சுத்தமாக இருந்தது. அத்தனை பொரியும் மூலையில் ஒரே குவியலாகக் கூட்டி வைக்கப்பட்டிருந்தது.

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே விழுந்தாள். அன்று ராத்திரி முழுக்க நாகல்நகரில் அவள் வீட்டில் அத்தனை விளக்கும் எரிந்தது.

மறுநாள் அவள் போயிருக்கவே கூடாது. ஆனால் கடிதம் வேண்டுமே. பானுப்ரியாவையும் கூப்பிட்டுக்கொண்டு, முதலாளி உள்ளே போன பிறகு போனாள்.

முதலாளி மேஜைக்கு முன்னால் நின்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். வாழை இலையில் பத்து ஸ்கேனர்கள் இருந்தன. ஒன்பதில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பத்தாவதில் ஈரமாக இருந்தது.

“பாத்தியா? அதட்டுனாத்தான் பொருள் வரும். இம்புட்டு நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்த?” என்றார் பெருமாள்சாமி.

பானுப்ரியா கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினாள். முப்பத்தோரு பொருளுக்கு நேராகவும் ஒரே பெயர் இருந்தது. முதலாளி கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒச்சாயியா? யாரு இது, புதுசா வந்த பொண்ணா?”

அவருக்குப் பதில் தேவைப்படவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

“சம்பளம் எவ்வளவு பேசியிருக்கு?”

“ஒண்ணும் பேசலைங்க.”

“அப்பச் சரி.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை. காரில் ஏறிப் பழனிக்குப் போய்விட்டார். அந்த மனுஷனுக்குப் பேய் வந்து எதிரில் நின்றாலும் சம்பளம் கேட்குமா கேட்காதா என்றுதான் பார்ப்பார்.

வத்தலக்குண்டு மிஷின்களைத் திரும்ப ஏற்றிப்போக மைதீன் பிச்சை வேனோடு வந்தார். இலையில் இருந்த ஒன்பதாம் நம்பரைக் கையில் எடுத்தார். எடுத்த வேகத்தில் கை மேலே போனது. அவ்வளவு லேசாக இருந்தது. பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே பேட்டரி இல்லை. வெறும் பள்ளம். ஒட்டடை படிந்திருந்தது.

“இதோட பேட்டரிய நாந்தான் தாயி கழட்டி நாலாம் நம்பர்ல போட்டேன். ஏழெட்டு வருசம் இருக்கும். மொதலாளி வாங்கித் தர மாட்டேன்னாரு, வேற என்ன செய்ய? அதான் ஒங்கிட்டச் சொல்லல. கூட்டைத் தூக்கிப் பரண் மேல போட்டேன். இது எப்படி இங்க வந்துச்சு?”

கௌசல்யா திரையைக் காட்டினாள். மைதீன் பிச்சை வாசித்தார். அவர் முகம் மாறிவிட்டது.

“இந்தப் பேரு ஒனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல பாய். நானாத்தான் போட்டேன்.”

அவர் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“நீ வர்றதுக்கு முந்தி எங்க கிளையில கூட்டிப் பெருக்குன பொம்பள. பதினோரு வருசம். ரொம்பச் சுத்தம். ஒரு பொருள் எடம் மாறி இருந்தாக் கண்டுபிடிச்சிரும். ஒரு ஆயுத பூஜை அன்னிக்கு எல்லாரும் பூஜைக்கு இங்க வந்துட்டோம். அது மட்டும் தனியாக் கிளையக் கழுவிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிப் போய்ப் பாக்குறேன், வெளக்கமாறு கையில இருக்கு, அப்படியே சுவத்துல சாஞ்சு கெடக்கு, உசுரு இல்ல.”

பானுப்ரியா கௌசல்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மகன் வந்தான். எங்கம்மா இங்கதான் வேலை பாத்துச்சுன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்கன்னு கேட்டான். காசுகூடக் கேக்கல. மொதலாளி பொஸ்தகத்தப் பெரட்டிப் பாத்துட்டு, அப்படி ஒரு பேரே எங்க கணக்குல கெடையாதுன்னுட்டாரு. இருந்தாத்தான? பதினோரு வருசமும் அது பேர எங்கயும் எழுதவே இல்லையே. பேனாவக் கட்டி வைக்கத் தெரிஞ்ச மனுசனுக்கு...” என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை கௌசல்யா புது வேலையில் சேர்ந்தாள். பீளமேட்டில் தங்கியிருக்கிற விடுதியின் முகவரியைத் திண்டுக்கல் ஆபீசில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நம்பரையும் மாற்றிவிட்டாள். பானுப்ரியாவுக்கு மட்டும் புது நம்பர் தெரியும்.

தை மாதத்தில் ஒருநாள் பானுப்ரியா கூப்பிட்டாள். முதலாளி வெகு சந்தோஷமாக இருக்கிறார் என்றாள். அதற்குப் பிறகு ஒரு மௌஸ்கூடக் காணாமல் போகவில்லையாம். மச்சினர் மகன் கொண்டுபோன லேப்டாப்கூட ஒருநாள் காலையில் மேஜையில் இருந்ததாம். கௌசல்யா இடத்துக்கு ஆளே எடுக்கவில்லை. ‘எதுக்கு எடுக்கணும், எல்லாம் தன்னால நடக்குதுல்ல’ என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறாராம். தினமும் காலையில் கதவைத் திறக்கும்போதே பட்டியல் முழுக்க எண்ணி முடித்து, ஒவ்வொரு பொருளுக்கும் நேராக ‘இருக்கிறது’ என்று பச்சையில் வந்திருக்கிறதாம்.

“எனக்கு எதுக்குடி அதெல்லாம்? விட்டுரு” என்றாள் கௌசல்யா.

“அதுக்கில்லக்கா. ஒண்ணு கேக்கணும்.” பானுப்ரியாவின் குரல் இறங்கியது. “நீங்க பீளமேட்டுலயா இருக்கீங்க?”

கௌசல்யா கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

“யாருடி சொன்னா?”

“யாரும் சொல்லலக்கா. பட்டியல்ல கடைசியா ஒங்க பேரு இன்னும் இருக்கு. அழிச்சுப் பாத்தேன், போக மாட்டேங்குது. அதுக்கு நேரா எடம் போட்டிருக்கு. பீளமேடு, மூணாவது மாடி, ஜன்னல் ஓரக் கட்டிலு...”

“பானு...”

“தெனமும் காலைல ஒங்களையும் எண்ணிருதுக்கா.”

அன்றிலிருந்து கௌசல்யா ஜன்னல் ஓரத்தில் படுப்பதில்லை. இரண்டு தடவை விடுதி மாற்றினாள். ஆனாலும் விடிகிற நேரத்தில், தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில், கழுத்துக்குக் கீழே ஏதோ சூடாக ஊர்ந்து நிற்கிறது. ஒரு சின்னச் சத்தம் கேட்கிறது. அதன் பிறகு கட்டிலைச் சுற்றித் தரை சுத்தமாக இருக்கிறது.